செவ்வந்தி நாற்றம்: லாரன்ஸின் சிறுகதையில் மலரும் அதன் எல்லையும்

சிறுகதை ஒன்றில் ஒரு மலர் மீண்டும் மீண்டும் வருமாயின், அஃது எதன் குறி என்று வினவும் ஆர்வம் நம்மை உடனே பற்றிக்கொள்கிறது. இவ்வார்வம் நமக்கு மரபு வழி வந்தது. வெட்சி என்றால் ஆநிரை கவர்தல், வஞ்சி என்றால் மண் நசையால் மேற்செல்லுதல், வாகை என்றால் வெற்றி என மலரைக் கொண்டே ஒழுக்கத்தைப் பெயரிட்டு வழங்கிய இலக்கணத்தில் பயின்றவர்கள் நாம். ஆதலின் பிறமொழிக் கதையில் மலரைக் காணுங்காலும் அவ்வகைப் பட்டியல் ஒன்றை மனம் தேடுகிறது. விடையும் விரைவிற் கிடைத்துவிடுகிறது. அவ்வாறு விரைவிற் கிடைக்கும் விடை ஒரு நல்ல கதையின் பாதியை மறைத்துவிடக் கூடும் என்பதற்கு, டி. எச். லாரன்ஸ் எழுதிய 'ஓடர் ஆஃப் கிரிசாந்திமம்ஸ்' என்னும் ஆங்கிலச் சிறுகதை தக்க சான்றாகும். ஒப்பிலக்கிய வகுப்பில் இக்கதையைப் பாடமாகக் கூறும்போது, 'செவ்வந்தி சாவின் குறியீடு' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது எளிது. நானும் பல்லாண்டு அவ்வாறே கூறி வந்தேன். ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, "சாடி உடைந்த பிறகு அந்தப் பூவைப் பற்றிப் பேச்சே இல்லையே, ஐயா, அது எங்கே போயிற்று?" என்று கேட்டாள். அன்று என்னிடம் விடை இல்லை. அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

கதையின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி மேற்செல்வாம். லாரன்ஸ் 1885இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர் வட்டத்து ஈஸ்ட்வுட் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். சுரங்கத் தொழிலாளியின் மகன். இக்கதையை 1909இல் எழுதினார். 1911 சூன் மாதத்து 'இங்கிலீஷ் ரிவியூ' இதழில் அது வெளிவந்தது. பின்னர் ஆசிரியராலேயே திருத்தப்பெற்று 1914இல் 'பிரஷ்யன் ஆபீசர்' என்னும் தொகுதியில் இடம்பெற்றது. இன்று பெரும்பாலும் நாம் படிப்பது இப்பிற்பாடமே. கதையில் வரும் பிரின்ஸ்லி சுரங்கம் கற்பனையன்று. ஈஸ்ட்வுட்டுக்கு அண்மையில் இருந்தது. லாரன்ஸின் தந்தையுடன் பிறந்த ஜேம்ஸ் என்பவர் 1880இல் அச்சுரங்கத்திலேயே இறந்தார். குடும்பத்தில் கேட்டறிந்த துயரத்திலிருந்து கதை முளைத்தது எனலாம்.

நிகழ்ச்சி ஒரே மாலையிலும் இரவிலும் அடங்கியது. இருப்புப்பாதை ஓரத்துச் சிறு வீட்டில் எலிசபெத் பேட்ஸ் என்பவள் தன் கணவன் வால்டர் சுரங்கத்திலிருந்து திரும்புவதை எதிர்நோக்கியிருக்கிறாள். ஜான், ஆனி என்னும் இரு குழந்தைகள், வயிற்றில் மூன்றாவது. வேலை முடிந்தவர் அனைவரும் திரும்பிவிட்டனர், அவனைக் காணவில்லை. வழக்கம்போல் மதுக்கடையில் இருக்கிறான் என்று அவள் சினக்கிறாள். சினம் சிறிது சிறிதாக அச்சமாகிறது. அவன் மாமியார் வீட்டினின்றும் வராது, மதுக்கடையினின்றும் வராது, தோழர் தோள்மேற் பிணமாக வருகிறான். சுரங்கக் கூரை சரிந்து அவனை உள்ளே அடைத்துவிட்டது, மூச்சுத் திணறி இறந்தான், உடலிற் காயமில்லை. மனைவியும் தாயும் சேர்ந்து அவ்வுடலைக் கழுவுகின்றனர். அப்போது எலிசபெத்துக்கு ஏற்படும் தெளிவே கதையின் முடிவு.

இதனிடையே செவ்வந்தி வரும் இடங்களை வரிசையாக நோக்குதல் வேண்டும். முதற்கண் அது தோட்டத்து வழியோரத்தில் கலைந்து தொங்குகிறது. புதர்மேல் உலர்த்திய துணி போல என்று ஆசிரியர் உவமை கூறுகிறார். மணமுள்ள மலருக்கு வெளுத்துப் போட்ட துணி உவமையாவது வியப்பே. இளஞ்சிவப்பு நிறம், ஆயினும் அழகு கூறப்படவில்லை. அடுத்து, வீடு நோக்கி நடக்கும் சிறுவன் ஜான் அப்பூக்களைக் கைப்பிடியாகப் பிய்த்து வழியெல்லாம் உதிர்க்கிறான். தாய் கடிந்துகொள்கிறாள். கடிந்தவள், திடீரென்று இரக்கமுற்று, வெளிறிய பூக்கள் மூன்று நான்கு கொண்ட சிறு கொம்பொன்றைத் தானே ஒடித்து முகத்தோடு சேர்த்துப் பிடிக்கிறாள். முற்றத்தை அடைந்ததும் அதைக் கீழே போட நினைத்த கை தயங்குகிறது. இடுப்பில் அணிந்த மேலாடையின் பட்டையிற் செருகிக்கொள்கிறாள்.

இத்தயக்கத்தைக் குறித்து எவரும் மிகுதியாக எழுதக் காணேன். எனக்கோ கதையின் கண் இதுவே எனத் தோன்றுகிறது. சிறுவனைத் தடுத்தவள் தானே ஒடிக்கிறாள்; எறிய எண்ணியவள் செருகிக்கொள்கிறாள். அம்மலர்மீது அவளுக்கு வெறுப்பு மட்டும் இருந்திருந்தால் இது நிகழாது. அன்பு மட்டும் இருந்திருந்தாலும் நிகழாது. கணவனிடத்தில் அவளுக்குள்ள நிலையும் அதுவே ஆதலின், மலரை நோக்கிய கையின் தயக்கத்தில் பதினோர் பக்க மனப்போராட்டத்தை ஆசிரியர் அடக்கிவிட்டார் எனலாம்.

மூன்றாம் இடம் விளக்கேற்றும் வேளை. விளக்கை எட்டி ஏற்றுகையில் எலிசபெத்தின் கருவுற்ற வடிவம் புலனாகிறது. அப்போதுதான் ஆனி தாயின் இடுப்பில் பூ இருப்பதைக் கண்டு கூவுகிறாள். தாய் பூ அணிவது அவ்வீட்டில் காணக்கிடையாத நிகழ்ச்சி. மகள் முகத்தை அவ்விடத்தே வைத்து முகர விழைகிறாள். தாய் எரிச்சலோடு பூவை எடுத்துவிடுகிறாள். மகள் அதை மீண்டும் செருக முயல்கிறாள். இயலாதுபோகவே உதட்டருகே வைத்து, எவ்வளவு நன்றாக மணக்கிறது என்று வியக்கிறாள். தாய் சிரித்து, தனக்கு அவ்வாறில்லை என்று மறுத்துக் காரணமும் கூறுகிறாள். தான் அவனை மணந்தபோது செவ்வந்தி. ஆனி பிறந்தபோது செவ்வந்தி. அவனை முதன்முறை குடிமயக்கத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவன் சட்டையில் செருகியிருந்ததும் பழுப்புநிறச் செவ்வந்தி. இவ்வளவே அவள் கூற்று. கதையில் அம்மலருக்குப் பொருள் கூறும் கூற்று இஃதொன்றே.

இவ்விடத்தில் தலைப்பைப் பற்றிச் சிறிது ஆராய்தல் தகும். ஆசிரியர் 'செவ்வந்தி' என்று மட்டும் பெயரிடவில்லை. அதன் 'ஓடர்' என்றார். ஆங்கிலத்தில் நறுமணத்தை மட்டும் உணர்த்தும் சொற்கள் வேறு உள. இச்சொல் நன்மைக்கும் தீமைக்கும் பொதுவாய் நின்று தீமையின் பக்கம் சற்றே சாய்வது. தமிழில் இதனை எவ்வாறு பெயர்ப்பது? 'செவ்வந்தி மணம்' என்றால் சொல் இனிது. மணம் என்பது திருமணத்தையும் குறிக்குமாதலின், எலிசபெத்தின் முதல் நினைவோடு அது தானே பொருந்திவிடும். ஆனால் அச்சிலேடை நம் மொழி தரும் கொடை, லாரன்ஸினுடையது அன்று. அன்றியும் தாய் மறுக்கும் நறுமணத்தைத் தலைப்பே ஒப்புக்கொண்டதாகிவிடும். 'வாசனை' என்றால் முகரும் பொருளோடு, முன்னை நுகர்ச்சியின் பதிவு என்னும் பொருளும் சேரும். ஆனிக்கு அம்மலரில் வாசனை முதற்பொருளில் மட்டும் உண்டு. தாய்க்கு இரண்டாம் பொருளிலேயே மிகுதி. இருப்பினும் யான் 'நாற்றம்' என்ற சொல்லையே தேர்கின்றேன். பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்து நின்ற அச்சொல் இன்றைய வழக்கில் தீநாற்றத்தையே குறிக்கின்றது. அச்சொல் தன் வரலாற்றில் நடந்த வழியே அம்மலரும் எலிசபெத்தின் வாழ்வில் நடந்தது. மணநாளில் இனித்த ஒன்று கசந்துபோயிற்று; பொருள் மாறவில்லை, முகர்பவள் மாறினாள்.

மலரின் பெயரிலும் நமக்கு ஓர் இடர் உண்டு. செவ்வந்தி என்றதும் தமிழ் வாசகன் உள்ளத்தில் எழுவன வேறு. திருச்சிராப்பள்ளியில் எழுந்தருளிய இறைவனுக்குச் செவ்வந்திநாதர் என்பது பெயர். எல்லப்ப நாவலர் செவ்வந்திப் புராணம் பாடினார். சாமந்தி என்றால் பூக்கடை நினைவுக்கு வரும். மணப்பந்தலுக்கும் அதே மாலை, பாடைக்கும் அதே மாலை. இவ்வீரிடத்துப் பழக்கத்தைக் கொண்டு லாரன்ஸின் கதைக்குள் நுழைந்தால், மணமும் சாவும் ஒருமலரில் கூடுவது நமக்கு இயல்பாகப்பட்டு, எலிசபெத்தின் கூற்றிலுள்ள கசப்பு உறைக்காது போய்விடும். சீன நாட்டில் தொன்றுதொட்டுப் பயிரான அம்மலர் இங்கிலாந்துக்கு வந்து வேரூன்றியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியிற்றான். பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளில் நவம்பர் மாதத்து இறந்தோர் நினைவுநாளில் கல்லறைக்கு வைக்கும் மலர் அது. பிரின்ஸ்லியின் தோட்டத்திலோ அது முட்டைக்கோசுக்கும் ஆப்பிள் மரத்துக்கும் பக்கத்தில் புகைக்கரி படிந்து நிற்கும் ஏழை வீட்டுச் செடி. பகல் குறுகி இரவு நீளும் பருவத்திலேயே அரும்பும் இயல்பினதாதலின், ஏனைய மலர்கள் ஒழிந்தபின் எஞ்சி நிற்பது. அவளுடைய மணமும் மகப்பேறும் கணவனின் முதற் குடிமயக்கமும் ஆண்டின் ஒரே பருவத்தில் நேர்ந்தமையால், கையெட்டும் தொலைவில் இருந்த அம்மலர் மூன்றிலும் சேர்ந்துகொண்டது. பருவமும் வறுமையும் சேர்த்த சேர்க்கை அது. விதி அன்று, குறியும் அன்று. குறியாக்கியவள் எலிசபெத்.

இதனை விளக்கத் தொல்காப்பியம் நமக்குத் துணைசெய்கிறது. சிறுபொழுது மாலை, நிகழ்வது கணவன் வரவு நோக்கி இருத்தல். ஆதலின் முல்லைத்திணை என்று இக்கதைக்குப் பெயர் சூட்ட முற்படுவோர் உளர். அவ்வாறு பிறநாட்டுக் கதைக்குத் திணை சூட்டும் வேலை எனக்கு உடன்பாடன்று. இங்கு ஆற்றியிருத்தல் இல்லை, சினந்திருத்தலே உண்டு. நமக்கு வேண்டுவது வேறொரு விதி. உவமவியலில் ஆசிரியர், யார் யார் உவமம் கூறுங்கால் எவ்வெல்லைக்குள் நின்று கூறுவர் என்பதை வரையறுக்கிறார். தலைவி கூறின் அவள் அறிந்த பொருளைக் கொண்டே கூறல் வேண்டும். தோழி கூறின் அந்நிலத்துப் பொருளைக் கடந்து செல்லலாகாது. தலைவன் கூற்றுக்கு வேறோர் இயல்பு. உள்ளுறைக்குப் பொருள் காண்போர் பலரும் கருப்பொருளையே துருவி ஆராய்கின்றனர். கூறுவோர் யார், அவர் அறிவின் எல்லை யாது என்ற இவ்விதியைப் பொதுவாக மறந்துவிடுகின்றனர். மலருக்கு உரிய பொருள் மலரில் இல்லை, கூறுவோர் அறிவில் உள்ளது என்பதன்றோ இதன் கருத்து? அவ்வகையில் எலிசபெத்தின் செவ்வந்திக் கூற்று அவள் அறிந்ததன் எல்லைக்குட்பட்ட கூற்று. அவள் அறிந்தவை மூன்று. நான்காவது ஒன்று, அவள் பேசிக்கொண்டிருக்கும் அவ்வேளையிலேயே மண்ணுக்கடியில் முடிந்துவிட்டது. அதனை அவள் அறியாள்.

அவள் அறியாமையை ஆசிரியர் மற்றொரு வகையாலும் காட்டுகிறார். குழந்தைகள் முன்னிலையில் சினந்து, அவன் வருங்கால் மரக்கட்டைபோலத் தூக்கித்தான் வருவார்கள் என்கிறாள். சுரங்க அழுக்கோடு வந்தால் தான் கழுவப் போவதில்லை, தரையில் கிடக்கட்டும் என்கிறாள். பின்னர் அவனைத் தூக்கியே வருகின்றனர், தரையிலேயே கிடத்துகின்றனர், அவளே கழுவுகிறாள். சொற்கள் எழுத்துக்கு எழுத்து மெய்யாகின்றன. அவள் எண்ணிய பொருள் மட்டும் பொய்யாகிறது. மலர்க் கூற்றையும் இதனோடு வைத்துக் காண்டல் வேண்டும்.

திறனாய்வாளர் பலரும் கூறும் பொருள் இவ்விடத்தில் வந்து சேர்கிறது. மணம், பிறப்பு, குடி என்னும் மூன்றோடு சாவு நான்காவதாகச் சேர்ந்து வட்டம் நிறைவுறுகிறது என்பர். இது பிழையன்று. கணவன் இறந்த செய்தி வந்தபின் எலிசபெத் உடலைக் கிடத்துதற்கு முன்னறையை ஒழுங்கு செய்யப் புகுகிறாள். மெழுகுவத்தி ஒளியில் இரண்டு கண்ணாடிச் சாடிகளும் அவற்றிலுள்ள இளஞ்சிவப்புச் செவ்வந்தியும் மின்னுகின்றன. அறையில் சாவைப் போன்ற குளிர்ந்த நாற்றம் இருந்தது என்று கதை கூறுகிறது. வட்டம் நிறைவுற்றது என்போருக்கு இவ்வரியே பெரிய ஆதாரம்.

ஆயின் இவ்வரியை நிதானமாகப் படித்தல் வேண்டும். சாவுச் செய்தி முன்னதாகவே அவள் செவியிற் பட்டுவிட்டது. ஆதலின் மலர் சாவை முன்னறிவிக்கவில்லை. சாவே மலரின் நாற்றத்துக்குப் பெயரிட்டது. அப்பெயரை இட்டவர் யார்? கதைசொல்லியா, எலிசபெத்தா? அடுத்த வரியில் அவள் அப்பூக்களை நோக்கி நிற்கிறாள் என்று வருவதால், முகர்ந்தவள் அவளே என்று கொள்ளல் பொருந்தும். வழக்கம்போல் தன் வாழ்க்கையின் புதிய துயரத்தையும் அம்மலரின் கணக்கில் எழுதிவைக்கும் நிலையில் அவள் நிற்கிறாள். ஆனால் எழுதவில்லை. திரும்பிவிடுகிறாள். தரையில் உடலைக் கிடத்த இடம் போதுமா என்று அளக்கிறாள். தரைவிரிப்பு கெடாதிருக்கத் துணி விரிக்கிறாள். இவ்விரக்கமற்ற நடைமுறைச் செயல்களைக் கண்டு அவளைக் கல்நெஞ்சினள் என்பாரும் உளர். எளிய வீட்டில் சாவு நேர்ந்ததைக் கண்டவர் அவ்வாறு கூறார்.

பின்னர் உடலைச் சுமந்து வருவோருள் ஒருவன் கைபட்டுச் சாடியொன்று விழுந்து உடைகிறது. எலிசபெத் கணவன் முகத்தை நோக்கவில்லை. உள்ளே நுழைய வழி கிடைத்ததும் முதலில் உடைந்த சில்லுகளையும் பூக்களையும் பொறுக்குகிறாள். சற்றுப் பொறுக்குமாறு ஆடவரிடம் கூறி, சிந்திய நீரைத் துணியால் ஒற்றியெடுக்கிறாள். அவர்கள் பேசாது நிற்கின்றனர். இதற்குப்பின் கதையின் இறுதிவரை செவ்வந்தி என்னும் சொல் வரவில்லை.

மாணவி வினவியது இதனையே. தலைப்பிலேயே மலரைச் சூட்டிய ஆசிரியர், கதையின் உச்சநிலை தொடங்கும் இடத்தில் அதனை ஏன் கைவிட்டார்? சாவின் குறியீடு என்பதே முழுப்பொருளாயின், அது மிகுதியும் தேவைப்படும் இடம் இனிவரும் பகுதியன்றோ? உடலைக் கழுவும் காட்சி கதையில் நெடியது. தாய்க்கிழவி அழுதுகொண்டே மகனின் இளமையைச் சொல்லிச் சொல்லி மாய்கிறாள். எலிசபெத் பேசவில்லை. அவன் மேனியைத் தொடுகிறாள்; கன்னத்தை வைத்துப் பார்க்கிறாள்; எத்தொடர்பும் கிட்டவில்லை. தன்னோடு ஓருடலாய் வாழ்ந்தவன் என்று தான் எண்ணியவன் எந்நாளும் தனக்கு அயலானாகவே இருந்தான் என்பது அப்போது அவளுக்குப் புலனாகிறது. இருவரும் இருளிற் சந்தித்து இருளிற் போரிட்டனர். ஒருவரை ஒருவர் கண்டதில்லை. அவனை அவனாக ஏற்காது, தான் வகுத்துக்கொண்ட ஓர் உருவத்தோடு இத்தனை ஆண்டும் வழக்கிட்டதாக உணர்ந்து நாணுகிறாள். வயிற்றிலுள்ள குழந்தையின் அருகே அச்சம் பனிக்கட்டியாய் உறைகிறது. மாலையில் அவள் பூச்செருகியது அவ்விடத்திலேயே என்பதை நினைவுகூர்க.

அவள் தான் வகுத்துக்கொண்ட அவ்வுருவத்தின் சுருக்கமன்றோ செவ்வந்திக் கூற்று? மணந்தேன், பெற்றேன், அவன் குடித்தான்: மூன்று மலரில் ஒருவன் வாழ்க்கையை முடித்துவிட்டாள். அக்கணக்கில் அவளே வழக்காடி, அவளே நடுவர்; அவன் தரப்புக் கூற்று ஏதுமில்லை. அதனாற்றான் அவன் முகத்தை அவள் நேரே காணவேண்டிய இடத்தில் மலருக்கு இடமில்லாது போயிற்று. சாடி உடைவது தீநிமித்தம் அன்று. சாவு ஏற்கெனவே நேர்ந்துவிட்டது, நிமித்தத்துக்கு வேலையில்லை. அவள் தன் துயருக்கு எழுதிவைத்த உரை உடைகிறது. உரை ஒழிந்தபின் மூலம் தரையிற் கிடக்கிறது.

இப்பொருள் ஆசிரியர் கருத்தோடு ஒத்ததா, நாம் ஏற்றியதா என்ற ஐயம் எழலாம். 1911ஆம் ஆண்டுப் பாடத்தையும் 1914ஆம் ஆண்டுப் பாடத்தையும் ஒப்புநோக்கின் ஐயம் ஒருவாறு தீரும். முற்பாடத்தின் இறுதியில் எலிசபெத்தின் உள்ளம் கணவன்பால் இரங்கித் தாய்மையன்பு போன்ற கனிவை நோக்கிச் செல்கிறது. சாவு அவன் குறைகளைக் கழுவிவிட்டது என்ற ஆறுதல் மேலோங்குகிறது. பிற்பாடத்தில் லாரன்ஸ் அவ்வாறுதலை நீக்கிவிட்டார். இருவரிடையே இருந்த பிரிவையும், அதில் அவளுக்கிருந்த பங்கையும், அதனால் எழும் நாணத்தையும் அங்கே புகுத்தினார். முடிவுகளின் வேறுபாட்டை மாரா கால்னின்ஸ் 1976இல் தனிக்கட்டுரையாகவே ஆராய்ந்துள்ளார். நம் நோக்கத்துக்கு வேண்டுவது ஒன்றே. முற்பாடத்தின் முடிவே நிலைத்திருந்தால், துன்பமலராய்த் தொடங்கிய செவ்வந்தி இரக்கமலராய் முடிந்தது என்று வட்டத்தை நிறைவு செய்திருக்கலாம். திருத்திய முடிவு அவ்வட்டத்தை ஏற்காது.

நம் புறநானூற்றின் 242ஆம் பாடலை இதனோடு வைத்து நோக்குதல் பயனுடையது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின் குடவாயிற் கீரத்தனார் பாடியது அது. அவன் மாய்ந்தபின் இளையோரும் சூடார், மகளிரும் கொய்யார், பாணனும் பாடினியும் அணியார். இந்நிலையில் நீ பூத்தது எதற்கு என்று முல்லையை வினவும் பாட்டு. ஆங்கு மலர் புலவரோடு துயரில் ஒன்றவில்லை; அறியாது பூக்கிறது. அவ்வறியாமையே துயரைப் பெருக்குகிறது. ஆயினும் புலவருக்கு ஐயமில்லை: இறந்தவன் யார், அவன் இழப்பு எத்தகையது என்பதை அவரும் ஊரும் அறிவர். அதனால் மலரை நோக்கிப் பேச அவரால் முடிகிறது. எலிசபெத்துக்கு அவ்வுறுதி இல்லை. தான் இழந்தது யாரை என்பதே அவள் அவ்விரவில் அறியவேண்டியதாயிற்று. அறியாதவனுக்காக மலரை விளித்துப் பேசுதல் எங்ஙனம்? பேச்சு மாமியாரிடம் உள்ளது. மௌனம் இவளிடம் உள்ளது. மலரைப் பற்றிய கதையின் மௌனமும் இவள் மௌனத்தோடு சேர்ந்ததே.

கூறாமையை ஆதாரமாகக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாம். ஆனால் எச்சரிக்கை வேண்டும். எச்சத்தையும் செய்யுள் உறுப்பாக எண்ணிய இலக்கணம் நம்முடையது. ஆயினும் ஆசிரியர் மறந்ததையெல்லாம் எச்சம் என்று கொள்ளுதல் இயலாது. லாரன்ஸ் இங்கு மறக்கவில்லை என்பதற்கு ஒரு சிறு சான்று உண்டு. முன்னறையில் இருந்த சாடிகள் இரண்டு என்று அவரே எண்ணிக் கூறினார். விழுந்தது ஒன்று. மற்றொன்று எடுக்கப்பட்டதாகவோ அகற்றப்பட்டதாகவோ கதையில் குறிப்பில்லை. உடலைக் கழுவியதும் அதே சிற்றறையில். ஆதலின் அந்நெடுங்காட்சி முழுவதும் அவள் அருகிலேயே செவ்வந்தி இருந்தது. நாற்றமும் குறைந்திருக்க நியாயமில்லை. மாலையில் மகள் முகத்தருகே பிடித்த ஒரு கொம்பின் மணத்தையே பொறாதவள், இப்போது அதனை முகரவில்லை. கண்ணும் கையும் முழுதும் அவனிடத்தில் உள்ளன.

இறுதியில் அவனுக்கு உடையணிவித்து, துணி போர்த்தி, குழந்தைகள் கண்டு அஞ்சாதிருத்தற்பொருட்டு அவ்வறையின் கதவைச் சாத்துகிறாள். பின் சமையலறைக்குச் சென்று அங்குள்ளவற்றை ஒழுங்குபடுத்தத் தொடங்குகிறாள். சாத்திய கதவுக்குள் அவனும் எஞ்சிய ஒரு சாடிப் பூவும் இருக்கின்றன.